வெள்ளைச் சீட்டில் என் கையெழுத்து

அந்தப் பையை என் கடை மேசையில் கவிழ்த்தபோது எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். திங்கட்கிழமை காலை. ஜெராக்ஸ் எடுக்க நாலு பேர் நிற்கிறார்கள், பிரிண்டர் ஒரு தாளைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. இந்த அம்மாள் ஜவுளிக்கடைப் பை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து உதறுகிறாள். பஸ் டிக்கெட்டை விடக் கொஞ்சம் பெரிய சீட்டுகள், நூற்றுக்கு மேல் இருக்கும், மேசை முழுக்கப் பரவிவிட்டன.

"அண்ணாச்சி, இதுல என் முறை இருக்குலா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திருப்பினேன். அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் வெள்ளை. சீட்டின் அடியில் மட்டும் நீலப் பேனாவில் ஒரு கையெழுத்து. எல்லாச் சீட்டிலும் அதே கையெழுத்து. அது என்னுடையது.

அவள் சீவலப்பேரிப் பக்கம் எங்கள் கால்வாயின் கடைமடையில் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறவள். வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். உழுவது, நடுவது, மடை திறப்பது எல்லாம் இவள் பாடு. எனக்கும் அதே கால்வாயில் அரை ஏக்கர் உண்டு. நான் டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன் என்ற ஒரே தகுதிக்காக எங்கள் பாசன சங்கத்தில் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

ஆற்றில் தண்ணீர் தாராளமாக வரும்போது கால்வாயில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அணையில் குறைந்துவிட்டால் முறை வைத்துவிடுவோம். பத்து நாள் ஒரு சுற்று. எந்த மடைக்கு எந்த நாள், எந்தப் பொழுது என்று தலைமுறையாக ஒரு வரிசை இருக்கிறது. அவள் வயலுக்கு ஏழாம் நாள் பகல். சுற்றுக்கு ஒரு தரம் சங்கத்தில் முறைச் சீட்டு கொடுப்போம். அதைத்தான் இவள் ஐந்து வருடமாக ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருக்கிறாள்.

போன சுற்றில் ஏழாம் நாள் பகல் தண்ணீர் அவள் வயலுக்கு வரவில்லை. மேலே வாழை போட்டிருக்கும் ஒருவர் மடையை அடைத்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நிலம் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத ஆள், ஆனால் செல்வாக்கான ஆள். இவள் போய்க் கேட்டதற்கு அவர், "ஏழாம் நாள் பகல் என் முறை. இல்லேங்கியா? எழுத்துல காட்டு" என்று சொல்லிவிட்டாராம். பாசன அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். எஞ்சினியர் நல்ல மனிதர்தான். "சங்கத்து ரிக்கார்டைக் கொண்டு வாங்கம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துட்டா சனிக்கிழமை தண்ணி உங்களுக்கு" என்றிருக்கிறார். அடுத்த ஏழாம் நாள் சனிக்கிழமை வருகிறது. ஐப்பசியில் நட்ட பிசானப் பயிர், கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரம். அந்தச் சனிக்கிழமையையும் விட்டால் ஒன்றரை ஏக்கரும் பதர்.

அலுவலகத்தில் இந்தச் சீட்டுக் கத்தையைத்தான் அவள் முதலில் நீட்டியிருக்கிறாள். எஞ்சினியர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரும்மா இது? வெறுந்தாள்ல கையெழுத்து போட்டுப் போட்டுக் கொடுத்திருக்காரே, இவருக்கு மூளை சரியா இருக்கா?" என்று கேட்டாராம். அவள் அதை அப்படியே என்னிடம் சொன்னாள். ஜெராக்ஸுக்கு நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சீட்டுகளை அச்சடித்தது ஒரு சின்ன மிஷின். மை கிடையாது, சூட்டில்தான் எழுத்து வரும். ஆறு மாதத்தில் எழுத்து வெளுத்துப் போகும், ஒரு வருடத்தில் சுத்தமாகப் போய்விடும். கடைசியாக முறை வைத்துச் சீட்டு கொடுத்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பேனா மை போகாது. அதனால் என் கையெழுத்து மட்டும் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. இந்த மிஷினை எங்கள் தலையில் கட்டியவனைச் சொல்ல வேண்டும். அதைவிட, கட்டச் சொல்லித் தலையைக் காட்டிய என்னைச் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இத்தனை வயிற்றெரிச்சல் இல்லை.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்த காலத்தில் கட்டற்ற மென்பொருள் என்று ஒரு கூட்டம் சேர்த்துக்கொண்டு நாங்கள் செய்த அலப்பறை கொஞ்சமல்ல. லினக்ஸ் குறுந்தகடுகளை எரித்து, உறைபோட்டு, பஸ் ஸ்டாண்டில் போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் திணிப்போம். பாதிப் பேர் பக்திப் பாட்டு என்று நினைத்து வாங்கிக்கொண்டு போவார்கள். மூலநிரல் திறந்திருக்க வேண்டும். நான் எழுதிய கோப்பை எவன் வீட்டுக் கணினியிலும் திறக்க முடிய வேண்டும். பல்பு எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் ஹோல்டரில் மாட்டுகிறதே, அந்த மாதிரி கோப்புக்கும் எல்லாருக்கும் பொதுவான ஒரு அளவு இருக்க வேண்டும். இதையெல்லாம் பொழுதன்னைக்கும் டீக்கடையில் பேசி, பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போகிற வரைக்கும் ஓய மாட்டோம்.

அப்புறம் கடை வைத்தேன். கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்து நிற்கிறவரிடம் கொள்கை பேசினால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பூட்டை உடைத்த திருட்டு மென்பொருளில், அந்த ஒரு மென்பொருளைத் தவிர வேறெதிலும் திறக்காத எழுத்துருவில், ஆயிரக்கணக்கான பத்திரிகை அடித்துத் தள்ளினேன். குறுந்தகடு கொடுத்த கை அது. பழைய நண்பர்களைத் தெருவில் பார்த்தால் மறுபக்கம் போகப் பழகிவிட்டேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் சங்கத்துப் பொதுக்குழுவுக்கு ஒரு விற்பனையாளர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் பளபளவென்று ஒரு தொடுதிரைப் பலகை. "ஒரே கிளிக், முறை ரெடி" என்றார். மடை எண்ணைத் தட்டினார். மிஷின் சர்ரென்று ஒரு சீட்டைத் துப்பியது. கூட்டம் கைதட்டியது. எங்கள் சங்கத் தலைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊருக்கு வருகிற எல்லாப் புதுமைக்கும் முதல் ஆளாக மாலை போடுகிறவர் அவர்.

நான் கேட்டேன். அதை மட்டும் சொல்லியாக வேண்டும், நான் கேட்டேன். "நாளைக்கு உங்க கம்பெனியே இல்லைன்னு ஆயிட்டா எங்க பதிவ நாங்க வெளிய எடுத்துக்கிட முடியுமா?"

"எக்ஸ்போர்ட் இருக்கு சார்."

"எந்த வடிவத்துல?"

"எங்க சொந்த ஃபார்மேட் சார். ரொம்ப செக்யூர். வேற யாராலயும் திறக்கவே முடியாது."

அந்த இடத்தில் நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். எங்கள் பதிவை எங்களாலேயே திறக்க முடியாது என்பதைத்தான் அந்த மனிதர் பெருமையாகச் சொல்கிறார். ஆனால் அதே நேரத்தில் தலைவர் என் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். "இதையெல்லாம் ஏத்தப்போறது நம்ம செயலாளருதான்" என்று ஒரு கைதட்டலும் வாங்கிக் கொடுத்தார். பொன்னாடை போர்த்தியிருக்கும்போது எழுந்து நின்று யாரும் சண்டை போட முடியாது. சந்தேகமிருந்தால் போட்டுப் பாருங்கள், நழுவிக் காலடியில் விழும். வடையைத் தின்றுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் உட்கார்ந்து, பழைய முறைப் புத்தகங்களில் இருந்த அத்தனை மடையையும் அத்தனை வயலையும் நானே ஏற்றினேன். அதற்குப் பிறகு நடந்ததை வெளியூரில் சொன்னால் நம்பமாட்டார்கள். பழைய புத்தகங்களை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. பழைய பேப்பர் கடைக்குப் போடக் கூடாதாம். மஞ்சள் குங்குமம் வைத்த புத்தகத்தில் எவனாவது சுண்டல் மடித்துக் கொடுத்தால் ஊருக்கு ஆகாதாம். நான் பைய ஒரு யோசனை சொன்னேன், ஸ்கேன் பண்ணியாவது வைத்துக்கொள்ளலாமே என்று.

"அதான் எல்லாத்தையும் ஏத்தியாச்சேவே! பெறகு எதுக்கு ரெண்டு வேலை?" என்றார் தலைவர். "தண்ணிப் புத்தகம்லா, தண்ணிக்கே போகட்டும்."

ஆடிப் பதினெட்டன்று மூன்று சாக்குப் புத்தகத்தையும் படித்துறைக்குக் கொண்டுபோனோம். கற்பூரம் காட்டி, பூப் போட்டு, பெண்கள் குலவை போட, தாமிரபரணியில் விட்டோம். தடி அட்டை போட்ட புத்தகங்கள், லேசில் முங்கவில்லை. இரண்டு மூன்று எதிர்க்கரைப் புல்லில் போய் ஒதுங்கின. ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீந்திப் போய் அதுகளையும் நடு ஆற்றுக்குத் தள்ளிவிட்டு வந்தார். அவருக்கும் கைதட்டினோம். எல்லாம் முடிந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம். நானும் ரெண்டு தரம் வாங்கினேன்.

இந்த மார்கழியில் உரிமம் முடிந்தது. திரையில் ஒரு விவசாயி சிரித்துக்கொண்டு நிற்கிறார், அவர் தலைக்கு மேலே, உங்கள் உரிமம் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறது. அவ்வளவுதான். வேறெங்கே தட்டினாலும் அதே விவசாயி, அதே சிரிப்பு. புதுப்பித்துக்கொள்ளலாம் என்று தேடினால் புதுப்பிக்க ஆளில்லை. தண்ணீர் குறைந்து முறை வைத்தபோது மடை பார்க்கிறவரை விட்டு வாய்வார்த்தையிலேயே ஓட்டினோம். எழுத்தில் ஒன்றும் இல்லை என்பது வாழைக்காரருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

அன்றைக்குத் திங்கள் மத்தியானமே போனில் உட்கார்ந்தேன். அந்த விற்பனையாளர் இப்போது வேறு எங்கேயோ இன்வெர்ட்டர் விற்கிறார். "அந்தக் கம்பெனிய வேற கம்பெனி வாங்கிட்டாங்க சார்" என்று ஒரு எண் கொடுத்தார். அந்த எண்ணில் முக்கால் மணி நேரம் புல்லாங்குழல் கேட்டேன். கடைசியில் ஒரு பெண் வந்தார். பாவம், மரியாதையாகத்தான் பேசினார்.

"பழைய டேட்டா புது ஆப்ல வராது சார். நீங்க ஃப்ரெஷ்ஷா என்டர் பண்ணிக்கலாம்."

"எதைப் பாத்தும்மா என்டர் பண்ண?"

"உங்க பழைய நோட்டைப் பாத்துதான் சார்."

நான் என்ன சொல்ல? அது கடலுக்குப் போய் ஐந்து வருடம் ஆயிற்று என்றா? போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். உள்ளபடியே அடித்துக்கொண்டேன், பிரிண்டர் பக்கத்தில் நின்றவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போனேன். மடை பார்க்கிறவரைப் பிடித்தேன். அவருக்குத் தெரியாத முறையா? "ஏழாம் நாள் பகல் அந்தப் பிள்ளைக்குத்தாம்வே. வாழைக்காரருக்கு மூணாம் நாள். ஊருக்கே தெரியும்லா?" என்றார். அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடும் என்றேன். அவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "நான் சொன்னதா மட்டும் எங்கனயும் எழுதிராதீரும்" என்று வரப்பில் இறங்கி நடந்தார். தலைவரிடம் போனேன். "ஊருக்குள்ள எதுக்குவே பொல்லாப்பு? ஒரு போகம்தான, அந்தப் பிள்ளைக்கிட்ட பைய சொல்லும்" என்றார். அங்கேயே எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. ஊருக்குத் தெரிந்ததை ஊர் சொல்லாது. சொல்லும் என்று நாம் நம்பிய பெட்டி வாயைத் திறக்காது. நடுவில் அவள் பயிர் காய்கிறது.

திரும்பும்போது அவள் வயல் வழியாக வந்தேன். மண் பாளம் பாளமாக வெடிக்கத் தொடங்கியிருந்தது. அவள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வரப்போரத்துப் பயிருக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றரை ஏக்கருக்குக் குடத்தில் தண்ணீர். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

என்னிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மாதாமாதம் அந்த மென்பொருள் எடுத்துக் கொடுத்த பிரதிக் கோப்பு. அதை ஒரு பென் டிரைவில் போட்டுக் கடையில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். எதனாலும் திறக்க முடியாது என்று விற்பனையாளரே சொன்ன கோப்பு. புதன்கிழமை அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலப்பாளையத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கே என் பழைய கூட்டாளி ஒருவர் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் என்னோடு சேர்ந்து குறுந்தகடு கொடுத்தவர். வளைகுடாவில் பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தும் கொள்கையை விடாத மனிதர். நான் தெருவில் பார்த்தால் மறுபக்கம் போவேன் என்று சொன்னேனே, அதில் முதல் ஆள் இவர்தான். கடை வாசலில் ஒரு நிமிடம் தயங்கி நின்றேன்.

"வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க. வழி தெரிஞ்சிதா?" என்றார். குத்தலாகத்தான் சொன்னார். சொல்லட்டும்.

எல்லாவற்றையும் கொட்டினேன். பொன்னாடை, ஆடிப் பதினெட்டு, வெள்ளைச் சீட்டு எதையும் மறைக்கவில்லை. அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். புத்தகத்தை நீந்திப் போய்த் தள்ளிவிட்டதைச் சொன்னபோது மட்டும், "யா அல்லாஹ்" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பென் டிரைவை வாங்கி மாட்டினார். கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பைத் திறப்பதுபோலத் திறந்தார். திரை முழுக்கக் கிறுக்கல். அவர் முதல் வரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு சிரித்தார் பாருங்கள், கையில் இருந்த டீ மேசையில் சிந்துகிற அளவுக்கு.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க, மொத வரியிலயே பேரு எழுதியிருக்கு."

உலகத்தில் எவர் வேண்டுமானாலும் சும்மா எடுத்துப் பயன்படுத்தலாம் என்று சில பேர் எழுதிப் பொதுவில் விட்டிருக்கும் தரவுத்தள மென்பொருளின் பெயர் அது. இவர் கைப்பேசியிலும் இருக்கிறது, என் கைப்பேசியிலும் இருக்கிறது. அந்தக் கம்பெனி அதை எடுத்து உள்ளே வைத்து, கோப்பின் வாலில் இருந்த பெயரை மட்டும் மாற்றி, செக்யூர் என்று எங்களிடம் விற்றிருக்கிறது. பூட்டு என்று ஒன்று அங்கே கிடையாது. பூட்டுப் படம் போட்ட ஒரு கதவுதான் இருந்தது.

"ஊருக்குப் பொதுவா வெட்டிவச்ச கெணத்துல எறைச்சு, பாட்டில்ல அடைச்சு, நமக்கே வித்திருக்காம் பாத்தியளா?" என்றார். கட்டற்ற மென்பொருள் ஒன்றில் கோப்பைத் திறந்தார். வரிசை வரிசையாக வந்து நின்றது: மடை எண், நாள், பொழுது, உழுகிறவர் பெயர். ஏழாம் நாள் பகலுக்கு நேராக அவள் பெயர். ஒவ்வொரு சுற்றிலும் அவள் பெயர். மூன்றாம் நாளில் அந்த வாழை நிலம். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு நிமிடம் ஆகியிருந்தது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வந்தது ஆத்திரம். நாலு நிமிட வேலை! ஐந்து வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் கோப்பை நான் திறந்து பார்த்திருந்தால் போதும். திறக்க முடியாது என்று ஒருவர் சொன்னார், நானும் சரி என்று சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

"ஊர்ப் பதிவுங்கிறது அமானிதம் அண்ணாச்சி" என்றார் நண்பர். நம்பி ஒப்படைத்த பொருளை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "நம்மள நம்பிக் கொடுத்தது. அத எவனோ ஒருத்தன் கையில கொடுத்துட்டு, சாவி எங்கன்னு தேடுதிய." அவர் பணம் வாங்கிக்கொள்ளவில்லை. "அடிக்கடி வாங்க" என்றார். அதுதான் பணத்தைவிடச் சுட்டது.

வியாழக்கிழமை அலுவலகத்தில் இன்னொரு கூத்து. பதிவை அச்செடுத்துக் கொண்டுபோய் வைத்தேன். எஞ்சினியர் மேலும் கீழும் பார்த்தார்.

"சங்கத்து பிரிண்ட்ல மேல லோகோ வருமே சார். இதுல காணோமே?"

"லோகோ அந்தக் கம்பெனியோடது சார். பதிவு எங்களோடது."

"அது சரி. ஆனா லோகோ இல்லாம நான் எப்படி ஏத்துக்கறது? நாளைக்கு எதிர்ப்பார்ட்டி கேட்டா?"

எனக்குக் கெட்ட கோபம் வந்துவிட்டது. "லோகோ இருந்த சீட்டத்தான் அவ போன வாரம் கொண்டாந்தா! நூறு சீட்டு! எங்க போச்சு அந்த லோகோ?" என்று கத்திவிட்டேன். பக்கத்து அறையிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. அச்செடுத்த தாள்களை இன்னொரு தரம் புரட்டினார். பிறகு என் கையில் இருந்த பென் டிரைவைக் கேட்டு வாங்கித் தன் மேசைக் கணினியில் மாட்டினார். நண்பர் பதிவைச் சாதாரண அட்டவணையாக, எதிலும் திறக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்திருந்தார். ஒரு சொடுக்கில் திறந்தது. யாரிடமும் உரிமம் கேட்கவில்லை. எஞ்சினியர் ஐந்து வருடத்தையும் மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தார். தன் அலுவலகத்தில் இருந்த தண்ணீர் திறப்புத் தேதிகளோடு ஒப்பிட்டார், எல்லாம் ஒட்டி நின்றது. "இதை முதல்லயே கொடுத்திருக்கலாமே சார்" என்று சொல்லிக்கொண்டே உத்தரவை எழுதினார்.

சனிக்கிழமை பகல் தண்ணீர் போனது. வாழைக்காரர் மடைப் பக்கமே வரவில்லை. மடை பார்க்கிறவர் முதல் ஆளாக வந்து நின்று, "நான் அப்பமே சொன்னேம்லா" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து வாய்க்காலில் முக்கலாமா என்று இருந்தது. அவள் மண்வெட்டியோடு தண்ணீருக்கு முன்னால் முன்னால் நடந்து வழி விட்டுக்கொண்டிருந்தாள். மேட்டுப் பக்கம் போனதும் நின்றாள். ஒரு கதிரைப் பிடித்து நகத்தால் அமுக்கினாள், பால் வரவில்லை. அடுத்த கதிரிலும் வரவில்லை. ஒரு சுற்றுத் தண்ணீர் தவறியதில் மேட்டுப் பக்கம் பாதி போயிருந்தது. "பள்ளத்துல பிழைச்சுக்கிடும் அண்ணாச்சி" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இத்தோடு எங்கள் ஆட்களுக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே சங்கக் கூட்டம். போனால், உள்ளே ஒரு புது விற்பனையாளர் உட்கார்ந்திருக்கிறார். புது ஆப். எல்லாம் இணையத்தில். மேசையில் தட்டு நிறைய வடை, பக்கத்தில் மடித்து வைத்த பொன்னாடை. அது எனக்குத்தான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

தலைவர் அதைக் கையில் எடுப்பதற்குள் எழுந்துவிட்டேன். "ஒரு கேள்வி. எங்க பதிவ நாங்க கேட்டா, எந்தக் கம்ப்யூட்டர்லயும் திறக்குற மாதிரி கொடுப்பீங்களா? இப்ப, இங்கனயே எடுத்துக் காட்டணும்."

"எக்ஸ்போர்ட் இருக்கு சார்" என்றார் அந்த மனிதர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவருக்கு வரவில்லை. "ஓமக்கு எப்பவும் ஒரு ஏடாகூடம்வே! வந்த ஆளப் பேச விடும்" என்றார். நாலு பேர் அவர் பக்கம் பேசினார்கள், ரெண்டு பேர் என் பக்கம் பேசுவதுபோல ஆரம்பித்து நடுவில் அவர் பக்கம் போனார்கள். ஒரே சத்தம். அப்போது ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல்.

"சார், நான் ஒண்ணு கேக்கலாமா?"

அவள்தான். வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சங்கத்தில் நிலத்துக்காரர்கள்தான் உறுப்பினர், குத்தகைக்கு உழுகிறவர்களுக்கு உள்ளே நாற்காலி கிடையாது. இதை அதற்கு முன்னால் ஒரு கூட்டத்திலும் நான் யோசித்ததில்லை.

"என் முறையும் ஒங்க பொட்டிக்குள்ளதான இருக்கும்? நான் பாக்கணும்னு கேட்டா காட்டுவியளா?"

விற்பனையாளர் மரியாதையாகத் திரும்பினார். "நீங்க மெம்பரா மேடம்?"

"இல்ல சார்."

"அப்ப உங்களுக்கு லாகின் வராது மேடம்."

சத்தம் நின்றுவிட்டது. அந்த மனிதர் மட்டும், தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று விளங்காமல் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லையே. தலைவர் பொன்னாடையை எடுத்து மறுபடியும் பையில் வைத்தார். "சரி, அடுத்த கூட்டத்துல பாப்போம்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்ப்போம் என்றார். எங்கள் ஊரில் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. நான் முழுப் பதிவையும் அச்செடுத்து வைத்திருந்தேன். உள்ளே யாரிடமும் கேட்காமல், சங்கத்து வெளிச் சுவரில் வரிசையாக ஒட்டத் தொடங்கினேன்.

கடைசித் தாளை ஒட்டும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றாள். தன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்துப் பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இம்புட்டுத்தானா? இத எதுக்கு அண்ணாச்சி இத்தன நாளு பூட்டி வச்சீய?"

"நான்தாம்மா கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். இடுப்பில் இருந்த ஜவுளிக்கடைப் பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இத நீங்களே வச்சுக்கிடுங்க. இதுல ஒங்க கையெழுத்தத் தவிர ஒண்ணும் இல்ல."